காற்றை நிறுத்துப் பார்த்த எமில்டா ரீச்சர்

எமில்டா ரீச்சர் காற்றைத் தராசில் நிறுத்துப் பார்த்த அன்று அவளுக்குப் பக்கத்தில் நின்றவள் நான். அவளைக் கேட்டால் இரண்டு வசனத்தில் முடித்துவிடுவாள். அதனால் நானே சொல்கிறேன்.

நான் கணிதம் படிப்பிக்கிறவள். பெயர் பத்மாசனி, ஊர் ஸ்கந்தபுரம். கண்டாவளைப் பக்கத்தில் உள்ள எங்கள் பள்ளிக்கூடத்துக்கு நான் மாற்றலாகி வந்தபோது எமில்டா அங்கே சின்ன வகுப்புகளுக்கு விஞ்ஞானம் எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். முல்லைத்தீவுக் கரையில், சிலாவத்தையில் வீடு. கணவன் மெல்ரொன் கடற்தொழில் செய்கிறவர். அவர் வள்ளத்தைக் கரையில் இழுத்துவிட்டு வீட்டுக்கு வரும் நேரத்தில் இவள் பரந்தன் பஸ்ஸைப் பிடிக்க வீதியில் நிற்பாள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு தொடங்கியது ஒரு பெரிய விசயம். அதுவரை டொக்டராக ஆசைப்பட்ட பிள்ளைகள் எல்லாம் கிளிநொச்சி ரவுனுக்குப் போகவேண்டியிருந்தது. பிரிவு தொடங்கிவிட்டது, ஆனால் இரசாயனம் படிப்பிக்க ஆள் வரவில்லை. அதிபர் யோகலிங்கம் ஒருநாள் ஆசிரியர் அறைக்கு வந்து எமில்டாவின் மேசைக்கு முன்னால் நின்றார்.

"ரீச்சர், நீங்கள் உயர்தரத்தில இரசாயனம் செய்தனீங்கள்தானே?"

"ஓம் சேர், செய்தனான். ஆனா..."

"ஆனாவைப் பிறகு பாப்பம். ஆள் வருமட்டும் நீங்கள் எடுங்கோ."

அந்த 'ஆனா' என்னவென்று அன்று மத்தியானம் எனக்குச் சொன்னாள். இரண்டாயிரத்து ஒன்பதில் அவளுக்குப் பதினெட்டு வயது. சண்டையில் குடும்பம் முழுக்க இடம்பெயர்ந்து, கடைசியில் செட்டிகுளம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது. உயர்தர இரசாயனத்தில் பாதியை அவள் படித்தது அங்கே ஒரு தறப்பாள் கொட்டிலில். புத்தகம் இல்லை. பழைய வினாத்தாள்களின் போட்டோப் பிரதிகள்தான். ஆய்வுகூடம் என்ற சொல்லுக்கே இடமில்லை. சோதனை எழுதினாள், பாஸ் பண்ணினாள், பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. கல்வியியற் கல்லூரிக்குப் போய் விஞ்ஞான ஆசிரியையானாள்.

"நான் எல்லாம் தாளிலதான் படிச்சனான் அக்கா. மக்னீசியம் எரியிறதைக்கூடப் படத்திலதான் பாத்திருக்கிறன். இதை வைச்சுக்கொண்டு உயர்தரத்துக்குப் போய் நிக்கச் சொல்லுறார்."

என்றாலும் போய் நின்றாள். நன்றாகவும் படிப்பித்தாள். அவளுடைய வகுப்புக்குப் பக்கத்து அறையில்தான் எனக்கும் பாடம். தட்டிப் பலகைக்கு மேலால் குரல் வரும். அவள் ஒருநாள் அனுபவச் சூத்திரம் என்ற பாடத்தைப் படிப்பித்தபோது நான் என் வகுப்புக்குக் கணக்கொன்றைக் கொடுத்துவிட்டு அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு மீன் குவியல் கிடக்குது எண்டு வையுங்கோ. ஒண்டு நெத்தலி, மற்றது பாரை. குவியல்களின்ர நிறை தெரியும். ஒரு நெத்தலி என்ன பாரம், ஒரு பாரை என்ன பாரம் எண்டும் தெரியும். அப்ப ஒவ்வொண்டா எண்ணாமலே, எத்தினை நெத்தலிக்கு எத்தினை பாரை எண்டு சொல்லலாம்தானே? அணுவும் அப்பிடித்தான். ஒரு சேர்வையில எந்த மூலகம் எவ்வளவு நிறை எண்டு பாருங்கோ. அந்தந்த அணுவின்ர பாரத்தால பிரியுங்கோ. வாற விகிதத்தைச் சின்ன முழு எண்ணாக்குங்கோ. அதுதான் அனுபவச் சூத்திரம்."

இடைவேளையில் அவளிடம் போய், "எனக்கே விளங்கிப்போச்சுது எமில்டா" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"விளங்கப்படுத்திப் போட்டன். ஆனா எனக்கு ஒரு சந்தேகம் கிடக்கு அக்கா. வினாத்தாளில ஒண்டுக்கு ரெண்டு, ரெண்டுக்கு மூண்டு எண்டு எப்பவும் வடிவா வருது. கணக்குப் போட்டவை விடை வாற மாதிரித்தானே இலக்கத்தைப் போட்டிருப்பினம்? உண்மையா நிறுத்தா அப்பிடி முழு எண் வருமோ?"

நான் உண்மையைச் சொன்னேன். கணித வினாத்தாள் தயாரிக்கிறபோது நாங்கள் முதலில் விடையை எழுதிவிட்டுத்தான் கேள்விக்குப் போவோம். எட்டு என்று விடை வரவேண்டுமென்றால் எட்டு வரும்படி இலக்கங்களைப் பொருத்துவோம். நான் சொல்லி முடிக்கும்போது அவளுடைய முகம் இன்னும் யோசனையாகிவிட்டது.

"அனுபவச் சூத்திரம் எண்டு பேர். எனக்கு அதில அனுபவமே இல்லை" என்றாள்.

அடுத்த தவணையில் கல்விக் கந்தோரிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஒரு இலத்திரனியல் தராசு. நாலு பக்கமும் கண்ணாடி, கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரைக்கும் காட்டும். கூடவே ஒரு சுருள் மக்னீசிய நாடாவும், புடக்குகைகள் சிலவும் வந்திருந்தன. புடக்குகை என்பது வெள்ளைப் பீங்கானில் செய்த, மூடியுள்ள சின்னக் கிண்ணம். சிவக்கச் சூடாக்கினாலும் தாங்கும். எமில்டா அதிபரிடம் போய், ஆவணி விடுமுறையில் ஆய்வுகூடத்தைத் திறந்து தரச் சொல்லிக் கேட்டாள். பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு முதல் தான் பார்க்கவேண்டும் என்றாள். என்னையும் கூப்பிட்டாள். கணக்குப் பார்க்க ஆள் வேண்டுமாம்.

அன்று காலை மெல்ரொன் அவளை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினார். பின்னால் அவர்களுடைய குசினியிலிருந்து கழற்றிய சின்ன காஸ் அடுப்பு கட்டியிருந்தது. பள்ளிக்கூடத்துச் சுடரடுப்புக்குக் காஸ் இணைப்பு இன்னும் கொடுக்கப்படவில்லை.

"என்ன ரீச்சர், விடுமுறையிலயும் இவ உங்களை விடுறா இல்லையே?" என்று என்னைக் கேட்டார்.

"காத்தை நிறுக்கப் போறமாம்" என்றேன்.

"காத்துக்குப் பாரம் இருக்கோ எண்டு கடல்ல நிக்கிற எங்களைக் கேக்கலாமே? இருக்கு. நல்லா இருக்கு." அப்படிச் சொல்லிவிட்டு விறாந்தையில் கிடந்த வாங்கில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டார். இரவு முழுக்கக் கடலில் நின்ற மனிசன்.

சோளகக் காற்று நன்றாக அடித்த நாள் அது. யன்னல் திறந்திருந்தால் தராசின் இலக்கம் ஒரு இடத்தில் நிற்காமல் ஏறி இறங்கியது. எல்லாவற்றையும் பூட்டினோம். விசிறியையும் போட முடியாது. இருவருக்கும் வியர்த்து ஊற்றியது.

புடக்குகையில் வைப்பதற்கு முதல், சும்மா பார்ப்போமென்று எமில்டா விரல் நீளத் துண்டு நாடாவைச் சாமணத்தில் பிடித்து அடுப்பில் காட்டினாள். ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு பற்றியது. அறை முழுக்க வெள்ளை வெளிச்சம். சுவரில் எங்கள் நிழல் கறுப்பாக வெட்டி ஒட்டியது போல் விழுந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நேரே பார்க்கக் கூடாதென்று எனக்குச் சொன்னவள், தான் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நாடா எரிந்து வெள்ளைச் சாம்பலாக மேசையில் விழுந்தது. எமில்டா சாமணத்தைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள்.

"என்ன எமில்டா?"

"படத்திலதான் கண்டனான் எண்டு பிழையாச் சொல்லிப்போட்டன் அக்கா. இது நான் கண்ட வெளிச்சம். பரா லைற்."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. சண்டைக் காலத்தில் இரவில் வானத்திலிருந்து சின்னக் குடையில் தொங்கித் தொங்கி இறங்குமே, ஊரையே பகலாக்குமே, அந்த வெளிச்சம். அது வந்தால் அடுத்தது என்ன வருமென்று எங்களுக்குத் தெரியும். பங்கருக்குள் குப்புறக் கிடந்தபோது கை மயிர்கூடத் தெரிந்த வெளிச்சம்.

"அதுக்குள்ள இருந்தது இதுவோ?" என்று கேட்டேன்.

"அதில மக்னீசியம் போடுறவை எண்டு வாசிச்சிருக்கிறன். வாசிச்சது வேற. இப்பதான் தெரியுது."

தண்ணீர் குடித்தோம். பிறகு அவளாகவே, "சரி, நிறுப்பம்" என்றாள்.

நாடாவைச் சுருட்டிப் புடக்குகையில் வைத்து நிறுத்தாள். மக்னீசியம் மாத்திரம் பூச்சியம் தசம் மூன்று ஒன்று இரண்டு கிராம். மூடி போட்டு அடுப்பில் வைத்து, பற்றும்போது மூடியைத் திறந்துவிட்டாள். வெள்ளைப் புகை குபுகுபுவென்று மேலே போனது. ஆறவைத்து நிறுத்தபோது, காற்றிலிருந்து சேர்ந்த ஒட்சிசனால் நிறை கூடியிருந்தது, ஆனால் கணக்குப் பார்த்தால் ஒரு மக்னீசிய அணுவுக்கு ஒட்சிசன் ஒன்று வரவேண்டிய இடத்தில் பூச்சியம் தசம் ஆறு நாலுதான்.

"புகையாப் போனதும் எங்கட பொருள்தான். அதை நான் வெளியில விட்டிட்டன்" என்றாள்.

இரண்டாம் தடவை புதுப் புடக்குகை, அதே நிறை நாடா. இந்தமுறை மூடியை நகம் நுழையும் அளவுக்கு மாத்திரம் தூக்கித் தூக்கிக் காற்று விட்டாள். ஒரு துளிப் புகை வெளியே வரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தாள். சூடாக இருந்தால் தராசு பொய் சொல்லும் என்று ஆறும்வரை காத்திருந்தோம். விடை பூச்சியம் தசம் எட்டு ஒன்பது.

நான் கணிதக்காரி. எந்த இலக்கத்தையும் முழு எண்ணாக்கலாம். "ஒன்பதுக்கு எட்டு எண்டு எழுதினா சரியா வரும்" என்றேன். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "கிட்டத்தட்ட ஒண்டுதானே எமில்டா. ஒண்டு எண்டு எடுப்பம்" என்றேன்.

"இல்லை அக்கா. வரவேணும் எண்டு நினைக்கிறதை எழுதுறதெண்டால் நான் அதைத் தாளிலயே செய்திருக்கலாம்."

செய்முறை வழிகாட்டியை மறுபடியும் எடுத்து வாசித்தாள். கடைசியில் ஒரு வரி இருந்தது: ஆறிய மீதிக்குச் சில துளி நீர் விட்டு மீண்டும் வெப்பமேற்றுக. ஏன் என்று போடவில்லை. எரிந்து முடிந்த சாம்பலுக்குத் தண்ணீர் விட்டு என்ன ஆகப்போகிறதென்று அவள் அதை விட்டுவிட்டிருந்தாள். இப்போது பற்றறிக்கு விடுகிற சுத்தத் தண்ணீரில் மூன்று நாலு துளியைச் சாம்பலில் விட்டு, மெல்லச் சூடாக்கினாள்.

ஒரு மணம் வந்தது. மூக்கில் குத்துகிற மணம். கண் எரிந்தது. நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். விறாந்தையில் படுத்திருந்த மெல்ரொன் எழும்பி உட்கார்ந்தார்.

"என்னப்பா, பழுதான திருக்கை மீனை ஆர் இஞ்ச கொண்டுவந்தது?"

எமில்டா அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு புடக்குகையைப் பார்த்தாள். பிறகு வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"திருக்கை மணம்தான்! அமோனியா! திருக்கை பழுதானா அமோனியாதான் மணக்கும்."

"அதுக்கென்ன?" என்றார் மெல்ரொன்.

"அமோனியாவுக்குள்ள நைதரசன் இருக்கு. இதுக்குள்ள நைதரசன் எங்கயிருந்து வந்தது? நான் போட்டது மக்னீசியம் மட்டும்தான். காத்தில இருந்து பிடிச்சிருக்கு! ஒட்சிசனை மட்டும் எடுக்கேல்லை, பக்கத்தில நிண்ட நைதரசனையும் கொஞ்சம் பிடிச்சு வைச்சிருக்கு. அதுதான் கணக்குக் குழம்பினது. தண்ணி விட்டவுடன நைதரசன் அமோனியாவாப் போகுது. அதின்ர இடத்துக்கு ஒட்சிசன் வருது!"

மெல்ரொனுக்கு முழுக்க விளங்கியிருக்காது. எனக்கே பாதிதான் விளங்கியது. ஆனால் மூவரும் அந்த மணத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு சிரித்தது ஞாபகம் இருக்கிறது. நாங்கள் எப்போதும் சுவாசிக்கிற காற்றில் பெரும்பங்கு நைதரசன் என்று ஆறாம் வகுப்பிலேயே படித்திருக்கிறேன். அதை மூக்கால் கண்டது அன்றைக்குத்தான்.

தண்ணீரெல்லாம் போகும்வரை புடக்குகையைச் சிவக்கச் சூடாக்கினாள். அடுப்பை நிற்பாட்டினாள். ஆறவிட்டோம். கதவையும் மறுபடி பூட்டி, மெல்ரொனையும் உள்ளே கூப்பிட்டு, ஒருவரும் அசையாமல் நிற்கச் சொன்னாள். சாமணத்தால் தூக்கித் தராசில் வைத்தாள். கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். கடைசி இலக்கம் கொஞ்சம் துடித்துவிட்டு நின்றது.

கூடியிருந்த நிறை பூச்சியம் தசம் இரண்டு பூச்சியம் மூன்று கிராம். ஏழெட்டு நெல்மணியின் பாரம். அவ்வளவு காற்று அந்தக் கிண்ணத்துக்குள் புகுந்து, தூளாகிப் படுத்திருந்தது.

நான் கணித்தேன். நிறையை அணுவின் பாரத்தால் பிரித்தேன். ஒன்றை மற்றதால் பிரித்தேன். கணிப்பானில் வந்ததை நம்பாமல் கையாலும் செய்தேன்.

"என்ன அக்கா?"

"பூச்சியம் தசம் ஒன்பது ஒன்பது."

அவள் கிட்ட வந்து நான் எழுதிய தாளைப் பார்த்தாள். முழு எண்கள் மனிதருடைய ஏற்பாடு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தேங்காயை எண்ணுகிறோம், பிள்ளைகளை எண்ணுகிறோம், எண்ணுவதற்கு வசதியாக ஒன்று இரண்டு மூன்று என்று வைத்திருக்கிறோம். எண்களைக் கோட்டில் வைத்தால் இடையில் எத்தனையோ கோடி இலக்கங்கள் கிடக்கின்றன. அதில் ஒன்றில் போய் விழாமல், எங்கேயோ உருக்கி நாடாவாக அடித்த ஒரு உலோகமும், இரணைமடுக் குளத்துப் பக்கமிருந்து வயலுக்கு மேலால் வந்த காற்றும் இந்தச் சின்ன அறையில் சந்தித்து, ஒன்றுக்கு ஒன்று என்று கைகோத்திருந்தன. கண்ணுக்குத் தெரியாத அத்தனை கோடி அணுக்களில் தனியாக நின்றதென்று ஒன்றுமில்லை. இதை யாரும் வினாத்தாளுக்காகப் பொருத்தி வைக்கவில்லை.

கோயிலில் திரை விலகுகிறபோது நிற்பதுபோல் நின்றேன்.

எமில்டா மெதுவாகச் சொன்னாள்.

"அந்தப் பரா லைற் எரிஞ்சதும் இப்பிடித்தான் அக்கா. நாங்கள் குப்புறக் கிடந்து செபம் சொல்லிக்கொண்டிருந்த நேரம், அங்க மேல ஒண்டுக்கு ஒண்டு, ஒண்டுக்கு ஒண்டு எண்டு நடந்துகொண்டிருந்திருக்கு. கீழ எல்லாம் சிதறிப்போச்சு. இந்தக் கணக்கு மட்டும் சிதறேல்லை."

மெல்ரொன் அவளுடைய தோளில் கையை வைத்தார். அவள் அழவில்லை. கண் சிவந்திருந்தது, அது அமோனியாவாலும் இருக்கலாம்.

விடுமுறை முடிந்து வகுப்பு தொடங்கியதும் பிள்ளைகள் எல்லோரையும் அதைச் செய்ய வைத்தாள். யாருக்கும் சரியாக ஒன்று வரவில்லை. ஒரு குழுவுக்குக் கிண்ணமே வெடித்துவிட்டது. அவள் கோபிக்கவில்லை. ஒவ்வொருவரிடமும் "எங்க போச்சு மிச்சம்?" என்று கேட்டாள். பிள்ளைகள் தங்கள் பிழையைத் துப்பறிவதுபோல் தேடினார்கள்.

அதற்கு அடுத்த கிழமை என்னையும் தன் வகுப்புக்குக் கூப்பிட்டாள். மேசையில் மூன்று சாமான் வைத்திருந்தாள். உயிரியல் அலுமாரியிலிருந்து எடுத்த, மீன் கிடக்கும் போமலின் போத்தல் ஒன்று. வீட்டு வினாகிரிப் போத்தல் ஒன்று. கடையில் வாங்கிய குளுக்கோசுப் பெட்டி ஒன்று. பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்து, போமலினில் கரைந்திருக்கும் வாயு, வினாகிரியின் அமிலம், குளுக்கோசு ஆகிய மூன்றினதும் மூலக நூற்றுவீதங்களைக் கொடுத்துச் சூத்திரம் காணச் சொன்னாள். மூன்று குழுவும் ஒரே விடையைச் சொன்னது: காபன் ஒன்று, ஐதரசன் இரண்டு, ஒட்சிசன் ஒன்று.

"அப்ப மூண்டும் ஒண்டோ ரீச்சர்?" என்று முன்வாங்கில் இருந்த பிள்ளை கேட்டது.

"ஒண்டெண்டால் குடிச்சுப் பார். எது?" என்றாள் எமில்டா. வகுப்பு சிரித்தது. "விகிதம் மட்டும்தான் ஒண்டு. ஒரு மூலக்கூறின்ர முழுப் பாரமும் தெரிஞ்சால்தான் ஆள் ஆரெண்டு தெரியும். போமலினில இருக்கிறதுக்கு முப்பது. வினாகிரி அமிலத்துக்கு அறுபது. குளுக்கோசுக்கு நூற்றி எண்பது. அப்ப?"

"ஒரு மடங்கு, ரெண்டு மடங்கு, ஆறு மடங்கு" என்றார்கள்.

"அதுதான் மூலக்கூற்றுச் சூத்திரம். அதே மூண்டு மூலகம், அதே விகிதம். ஒரு தரம் சேர்ந்தா செத்த மீனை அழுகவிடாத நஞ்சு. ரெண்டு தரம் சேர்ந்தா அச்சாறு. ஆறு தரம் சேர்ந்தா காய்ச்சல்காரனை எழுப்பிவிடுற இனிப்பு." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இதை நான் நிறுக்கேல்லை பிள்ளையள். ஆரோ நிறுத்தவை. ஆனா இப்ப நான் நம்புறன்."

வகுப்பு முடிந்தும் பிள்ளைகள் எழும்பவில்லை. ஒருத்தி குளுக்கோசுப் பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருடத்தில் இரசாயனத்துக்கு ஒரு பட்டதாரி ஆசிரியர் நியமனமாகி வந்தார். எமில்டா மறுபடி சின்ன வகுப்புகளுக்குப் போனாள். அவளுக்குக் கவலையாக இருக்குமென்று நினைத்துக் கதைக்கப் போனேன். அவள் தொலைக்கல்வியில் விஞ்ஞானப் பட்டத்துக்குப் பதிந்துவிட்டு வந்திருந்தாள். "மிச்சத்தையும் நிறுத்துப் பாக்கவேணும் அக்கா" என்றாள். மகன் சின்னவன், மெல்ரொனுக்குக் கடல், எப்படிச் சமாளிக்கப் போகிறாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. மெல்ரொன்தான் சனிக்கிழமைகளில் வள்ளத்தை விட்டுவிட்டு வீட்டில் நிற்கிறார்.

போன சனிக்கிழமை பின்னேரம் நான் முற்றத்தில் நெல்லைக் காயவிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. யாழ்ப்பாணத்தில் ஆய்வுகூட வகுப்பு முடிந்து பஸ் நிலையத்தில் நின்று கதைத்தாள். பின்னால் ஒரே சத்தம்.

"அக்கா, இண்டைக்கு மயில்துத்தம் சூடாக்கினனாங்கள். நீலமெல்லாம் போய் வெள்ளை மாவாப் போச்சு. ஒரு துளி தண்ணி விட்டன், திரும்ப நீலம்! அந்த நீலமே தண்ணியாலதான். கல்லு மாதிரிக் காய்ஞ்ச பளிங்கு, அதுக்குள்ள தண்ணி இருந்திருக்கு."

"எவ்வளவு தண்ணி?"

"ஒரு துத்தத்துக்கு அஞ்சு தண்ணி. எனக்கு நாலு தசம் ஒன்பது வந்தது. பக்கத்து மேசைப் பிள்ளைக்கு அஞ்சு தசம் ஒண்டு."

"ஏன் அஞ்சு? ஏன் நாலில்லை, ஆறில்லை?"

பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தது.

"அதைத்தான் நானும் கேட்டனான் அக்கா. வாற மாசம் அந்தப் பாடம் வருமாம். பஸ் வெளிக்கிடுது, நான் வைக்கிறன்."